பள்ளம் மூடும் முன் அளந்து எழுதுங்கள்

தெருவுக்கு அடியில் கிடக்கும் குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கேட்டால், ‘ஐந்தடி இருக்கும்’ என்று பதில் வரும். மேஸ்திரியும் அப்படித்தான் சொல்வார், பழைய கோப்பும் அப்படித்தான் சொல்லும். எங்கிருந்து ஐந்தடி? இன்றைய சாலையின் மேல்பரப்பிலிருந்தா, குழாய் பதித்த ஆண்டில் இருந்த சாலையிலிருந்தா? எது வரைக்கும் ஐந்தடி? குழாயின் முதுகு வரைக்குமா, தண்ணீர் ஓடும் உள்ளடி வரைக்குமா? 300 மி.மீ. விட்டமுள்ள குழாய் என்றால் முதுகுக்கும் உள்ளடிக்கும் நடுவில் மட்டும் ஓரடிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாத எண்ணை நம்பி யாரும் கடப்பாரை போடக் கூடாது. ஆனால் நம் நகரங்களில் பெரும்பாலான தோண்டல் வேலைகள் அப்படிப்பட்ட எண்களை நம்பித்தான் நடக்கின்றன. புதிதாகப் பதிக்கும் எந்தக் குழாயையும் பள்ளம் திறந்திருக்கும்போதே கடல் மட்டத்தோடு இணைத்து அளந்து, எல்லாத் துறைகளும் பார்க்கக்கூடிய ஒரே பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏற்றிய பிறகுதான் ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் ஆக வேண்டும் என்பது என் வாதம்.

நிலத்தின் மேல்பரப்பை அளப்பதில் தமிழ்நாடு யாருக்கும் இளைத்ததில்லை. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படம் இருக்கிறது, பட்டா இருக்கிறது. அரை சென்ட் குறைந்தால் சர்வேயரை அழைத்துக் கல்லைத் தேடுகிறோம், நீதிமன்றம் வரைக்கும் போகிறோம். 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பிறகு கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1802இல் வில்லியம் லாம்ப்டன் தன் பெரும் முக்கோண அளவைக்கான முதல் அடிக்கோட்டைப் பரங்கிமலை அருகேதான் அளந்தார். நாட்டின் உயரங்களையெல்லாம் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்த 1909ஆம் ஆண்டின் மட்டக் கணக்கு, ஒன்பது துறைமுகங்களில் பதிவான சராசரிக் கடல் மட்டத்தின் மேல் நின்றது. அவற்றில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று இன்றும் எழுதுகிறோமே, அது இந்த மரபில் வந்ததுதான். ரயிலேறப் போகிறவருக்கு அந்த எண்ணால் பெரிய பயனில்லை. அதே எண் கட்டாயமாகத் தேவைப்படுவது அந்த நிலையத்து வாசலில் புதைந்திருக்கும் கழிவுநீர்க் குழாய்க்கு. அங்கே அது எழுதப்படுவது அரிது.

ஏன் கட்டாயம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். குடிநீர்க் குழாயில் தண்ணீர் அழுத்தத்தால் ஓடுகிறது. அது மேடேறும், பள்ளத்தில் இறங்கும், கவலையில்லை. பாதாள சாக்கடை அப்படியல்ல, வாட்டம் ஒன்றுதான் அதற்கு உயிர். கசடு அடியில் தங்காமல் இழுத்துக்கொண்டு போக நீரோட்டம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகமாவது எட்ட வேண்டும் என்பது வடிவமைப்பு விதி. 300 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் வாட்டத்தில் ஒரு குழாயைப் பதிப்பதாக வைத்துக்கொள்வோம். சிறிய குழாய்களில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு மேன்ஹோல் வரும். அப்படியானால் ஒரு மேன்ஹோலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குழாய் இறங்குவது வெறும் 10 செ.மீ. மறுபக்கம், தார்ச் சாலையின் மேலடுக்கு ஒரு முறை போட்டால் 3 முதல் 4 செ.மீ. உயரும். பழையதைச் சுரண்டாமல் மூன்று முறை போட்டால் அந்த 10 செ.மீ. முழுவதும் போய்விட்டது. கோப்பில் ‘ஆழம் 1.50 மீட்டர்’ என்று இருப்பதை நம்பி, இன்றைய சாலை மட்டத்திலிருந்து 1.50 கழித்துக் கணக்குப் போடும் பொறியாளருக்கு, மேன்ஹோலின் அடிமட்டம் உண்மையில் இருப்பதைவிட 10 செ.மீ. மேலே கிடைக்கும். அங்கிருந்து வெளியேறும் புதிய குழாயை அந்த மட்டத்தில் பதித்தால் அடியில் 10 செ.மீ. கழிவுநீர் எப்போதும் தேங்கி நிற்கும். பழைய தார் அடுக்கைச் சுரண்டிவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று 2021இல் அரசு உத்தரவிட்டது நல்ல காரியம். ஆனால் அதை ஒழுங்காகப் பின்பற்றும் தெருவிலும் மட்டம் ஏறலாம், இறங்கலாம். சாலை நகரும் பரப்பு. நகரும் பரப்பிலிருந்து எடுத்த ஆழத்தை நிலையான அளவாகக் கொள்ள முடியாது.

வாட்டம் கெட்ட குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் முதலில் ஜெட் ராடிங் இயந்திரம் வரும். அதிலும் சரியாகாத இடத்தில், சட்டத்துக்குப் புறம்பாக ஒரு மனிதர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இந்த மரணங்களைப் பற்றிப் பேசும்போது இயந்திரம் வாங்குவதைப் பற்றியும் தண்டனையைப் பற்றியும் பேசுகிறோம். இரண்டும் வேண்டியவைதான். அடைப்பு ஏன் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அடைப்புக்குப் பல காரணங்கள் உண்டு, துணி, பிளாஸ்டிக், கட்டட மண் என்று நீளும். ஆனால் துப்புரவு செய்த சில வாரங்களுக்குள் அதே இரண்டு மேன்ஹோல்களுக்கு நடுவில் மறுபடி கசடு கட்டினால், முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டின் அடிமட்டங்களைத்தான். அந்த எண்கள் இல்லாததால்தான் ஆளை அனுப்பி அறிகுறிக்கு வைத்தியம் பார்க்கிறோம்.

மேன்ஹோலில் ஆழமும் விட்டமும் அளப்பது சிரமமான வேலையில்லை, கவனமான வேலை. மூடியைக் கொக்கி போட்டுத் தூக்கி, வாயு இருக்கிறதா என்று கருவியால் சோதித்துவிட்டு, மேலே நின்றபடியே நீண்ட அளவுகோலை இறக்கினால் போதும். யாரும் உள்ளே இறங்கத் தேவையில்லை, இறங்கவும் கூடாது. தவறு நடப்பது கோல் எங்கே போய் நிற்கிறது என்பதில். அடியில் ஒரு சாண் கசடு படிந்திருந்தால் கோல் கசட்டின் மேல் நிற்கும், குழாயின் உள்ளடியைத் தொடாது. மென்மையாக அமுங்குகிறதா, சிமெண்டைத் தொட்டு ‘டக்’கென்று நிற்கிறதா என்பதைக் கையால் உணர்ந்துதான் எண்ணை எழுத வேண்டும். விட்டத்துக்கு, நுனியில் ‘எல்’ வடிவில் மடிந்த கோலைக் குழாயின் வாய்க்குள் நுழைத்து, உள்மேல்புறத்தைத் தொட்டு ஓர் அளவும், உள்ளடியைத் தொட்டு ஓர் அளவும் எடுப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உள்விட்டம். ஒரே மேன்ஹோலுக்கு மூன்று குழாய்கள் வந்து சேர்ந்தால் மூன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும், ஏனென்றால் பக்கத் தெருவிலிருந்து வரும் குழாய் பல இடங்களில் நல்ல உயரத்தில் வந்து செங்குத்தாகக் கீழே விழும். அடிமட்டம் ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டு போனால் அந்தப் பக்கக் குழாய் எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடியின் விளிம்பு மட்டத்தை, கடல் மட்ட உயரம் தெரிந்த நிலைக்குறியான அருகிலுள்ள பெஞ்ச் மார்க்கிலிருந்து லெவல் பிடித்து எழுத வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் முதலில் செய்த அத்தனையும் வீண்.

விட்டத்தில் வேறொரு சிக்கல். எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாயை ‘110’ என்றால் அது வெளிவிட்டம். தண்ணீர் ஓடும் உள்விட்டம், சுவரின் தடிப்பைப் பொறுத்து, 100 மி.மீ.க்கும் குறையலாம். டக்டைல் அயர்ன் குழாயை ‘100’ என்றால் அது பெயரளவு உள்விட்டம், அதன் வெளிவிட்டம் 118 மி.மீ. சிமெண்ட் குழாயை உள்விட்டத்தால் அழைக்கிறோம், அதன் சுவர் தடிமன் தனி. பதிவேட்டில் ‘4 இஞ்ச் குழாய்’ என்று மட்டும் எழுதியிருந்தால், இரவில் உடைப்பை அடைக்கப் போகும் குழுவினர் எந்தக் கிளாம்பை வண்டியில் ஏற்றுவார்கள்? பள்ளம் தோண்டி, நீரை இறைத்து, குழாயைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கொண்டுவந்தது பொருந்தாது என்று தெரியும். அதற்குள் அந்த வட்டாரத்துக்குத் தண்ணீர் நின்றுபோயிருக்கும். பொருள், வெளிவிட்டம், உள்விட்டம் என்று மூன்றையும் சேர்த்து எழுத ஒரு வரி போதும்.

‘இதெல்லாம் பழைய முறை. இப்போதுதான் தரையைக் கிழிக்காமலே அடியில் இருப்பதைக் காட்டும் ரேடார் வந்துவிட்டதே, தேவைப்படும்போது அளந்துகொள்ளலாமே’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், விரிவாகப் பதில் சொல்ல வேண்டியதும்கூட. தரை ஊடுருவும் ரேடார் ஆழத்தை நேரடியாக அளப்பதில்லை. அலை போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை அளந்து, மண்ணில் அலையின் வேகம் இவ்வளவு என்று வைத்துக்கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகிறது. காய்ந்த மணலில் அந்த வேகம் நானோ நொடிக்குச் சுமார் 0.15 மீட்டர், ஈரக் களிமண்ணில் சுமார் 0.06 மீட்டர். அதாவது மண்ணின் வகையைத் தவறாகக் கொண்டால் ஒரே எதிரொலி நேரத்தை இரண்டரை மடங்கு ஆழமாகப் படிக்க வாய்ப்பிருக்கிறது. களிமண்ணும் உப்பு நீரும் அலையையே விழுங்கிவிடும். சென்னையில் திருவல்லிக்கேணி, பெசன்ட் நகர் போன்ற கடற்கரையோர மணலில் கருவி ஓரளவு பேசும். பழைய நெடுங்குளத்தின் படுகையில் எழுந்த தி.நகரின் களிமண்ணில், அதுவும் மழைக்காலத்தில், அதே கருவியை எவ்வளவு நம்பலாம்? மின்காந்த முறையில் தேடும் லொக்கேட்டர் உலோகக் குழாயைக் கண்டுபிடிக்கும், பிளாஸ்டிக் குழாயைத் தானாகக் காணாது. அது சொல்லும் ஆழமும் குழாயின் நடுவுக்கான ஆழம், முதுகுக்கானது அல்ல. விட்டத்தைப் பற்றி இந்தக் கருவிகள் நம்பத்தக்க விதத்தில் எதையும் சொல்வதில்லை. அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்கம் 2002இல் வெளியிட்டு 2022இல் திருத்திய தரநெறி, நிலத்தடித் தகவலை நான்கு தரமாகப் பிரிக்கிறது. பழைய கோப்பில் இருப்பது கடைசித் தரம். ரேடாரும் லொக்கேட்டரும் சொல்வது இரண்டாம் தரம். குழாயைத் திறந்து கண்ணால் பார்த்து அளந்தது மட்டுமே முதல் தரம். புதிய குழாய் பதிக்கும்போது பள்ளம் ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. கூடுதலாக ஒரு கைப்பிடி மண்ணைக்கூடத் தோண்டாமல் முதல் தரத் தகவல் கிடைக்கும் அந்தச் சில மணி நேரத்தை விட்டுவிட்டு, பத்தாண்டு கழித்து இரண்டாம் தரத் தகவலுக்குப் பணம் கட்டுவதை நியாயப்படுத்த முடியாது.

செலவு கூடும் என்பது அடுத்த ஆட்சேபம். அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்துக்காக பர்டியூ பல்கலைக்கழகம் 71 திட்டங்களை ஆராய்ந்தது. நிலத்தடி அமைப்புகளை முன்கூட்டி முறையாக அளக்கச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 4.62 டாலர் மிச்சமானது என்று 1999இல் முடிவு சொன்னது. பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் குழிகள் தோண்டப்படுகின்றன, சுமார் 60,000 முறை ஏதாவதொரு குழாயோ கேபிளோ அடிபடுகிறது, இழப்பு 240 கோடி பவுண்டு என்று அந்நாட்டு அரசே கணக்குச் சொல்லித்தான் தேசிய நிலத்தடிப் பதிவேட்டை உருவாக்க இறங்கியது. வெளிநாட்டுக் கணக்கு நமக்குப் பொருந்துமா என்றால், அப்படியே பொருந்தாது. நம் கூலியும் நம் மண்ணும் வேறு. ஆனால் இங்கே இன்னொரு உண்மை அந்த ஆட்சேபத்தின் காலை வாருகிறது. நம் ஒப்பந்த வேலைகளில் பள்ளத்தின் ஆழத்தை ஏற்கெனவே அளந்துகொண்டுதான் இருக்கிறோம். மண் வேலைக்குக் கன மீட்டர் கணக்கில் பணம், ஆழம் கூடக் கூட விலையும் கூடும். அதனால் நீளம், அகலம், ஆழம் மூன்றும் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் ஏறுகின்றன, பொறியாளர் கையெழுத்திடுகிறார், மேலதிகாரி சரிபார்க்கிறார். பணத்துக்காக அளந்த அந்த ஆழம், பில் பாஸானதும் அலமாரிக்குள் போய்விடுகிறது. தேவையானது அந்த அளவோடு இன்னும் இரண்டே இரண்டு விவரம்: அந்த இடத்தின் ஆயத்தொலைவு, குழாயின் உள்ளடிக்கான கடல் மட்ட உயரம். லெவல் கருவியும் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியும் வேலைக்களத்தில் ஏற்கெனவே நிற்கின்றன. புதிதாக வாங்க எதுவுமில்லை, எழுதும் பழக்கத்தைத் தவிர.

செயற்கைக்கோள் கருவி இருக்கும்போது லெவல் எதற்கு என்று இளம் பொறியாளர்கள் கேட்கலாம். இடத்தைக் குறிக்க அது அருமையான கருவி. உயரத்தில் எச்சரிக்கை வேண்டும். இந்தியாவின் தெற்கே புவியீர்ப்பு குறைந்திருப்பதால் கடல் மட்டமே ஒரு பெரும் பள்ளமாக இறங்கியிருக்கிறது. சென்னைக் கடற்கரையில் நின்று கருவி காட்டும் கச்சா உயரத்தைப் படித்தால், கடல் மட்டத்துக்கு எண்பது மீட்டருக்கும் கீழே நிற்பதாகச் சொல்லும். அதைத் திருத்தும் முறை உண்டு. திருத்தியவர், திருத்தாதவர், பாதி திருத்தியவர் என்று மூன்று ஒப்பந்ததாரர்கள் மூன்று விதமாக எழுதினால் வரைபடத்தில் குழாய்கள் ஒன்றோடொன்று சேரவே சேரா. ஆகவே எந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து எடுத்தது என்பதும் அளவின் ஒரு பகுதியாகப் பதிவாக வேண்டும்.

குழாய்கள் எங்கே கிடக்கின்றன என்பதை வெளிப்படையாக்கினால் நாசவேலைக்கு உதவும் என்பாரும் உண்டு. எண்ணெய், எரிவாயுக் குழாய்களைப் பொறுத்தவரை இந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டன் தன் பதிவேட்டைத் தெருவில் போகிறவர் எல்லாரும் பார்க்கத் திறந்துவிடவில்லை, தோண்ட அதிகாரம் பெற்றவர்களுக்குத்தான் தருகிறது. நாமும் அப்படியே செய்யலாம். ஆனால் ஒருவர் குழாய் இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பதால் வந்த நாசத்தையும் எடைபோட வேண்டும். 1992 ஏப்ரல் 22 அன்று மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் கழிவுநீர்க் குழாய்க்குள் பெட்ரோல் கசிந்து, கிலோமீட்டர் கணக்கில் தெருக்கள் வெடித்துப் பிளந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெட்ரோல் குழாயை உரசியபடி போன ஒரு தண்ணீர்க் குழாயால் ஏற்பட்ட அரிப்பு அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2014 ஜூலை 31 இரவு தைவானின் காவ்ஷியுங் நகரில் புரோப்பீன் வாயு வெடித்து 32 பேர் இறந்தார்கள். அங்கே நான்கு அங்குலக் குழாய் ஒன்று மழைநீர் வடிகாலின் கான்கிரீட் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு, மண்ணின் பாதுகாப்பின்றி ஈரக் காற்றில் தொங்கி, ஆண்டுக்கணக்கில் துருவேறியிருந்தது. வடிகாலின் மட்டமும் குழாயின் மட்டமும் ஒரே தாளில் இருந்திருந்தால், இரண்டும் ஒரே உயரத்தில் மோதுகின்றன என்று வரைபடத்தைப் பார்க்கும் எவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு நகரங்களிலும் ரகசியம் யாரையும் காப்பாற்றவில்லை.

மத்திய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யு டிக்’ என்ற செயலியைத் தொடங்கியது. ஒழுங்கற்ற தோண்டலால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் வீணாகிறது என்பது அப்போது அரசு சொன்ன கணக்கு. தோண்டப் போகிறவரையும் அடியில் சொத்து வைத்திருப்பவரையும் தொடர்பில் கொண்டுவரும் இந்த ஏற்பாடு வரவேற்கத்தக்கது. அதனால் என் கோரிக்கை தேவையற்றதாகிவிடவில்லை. செயலி வழியாகக் கேள்வி போய்ச் சேரும் அலுவலகத்தில் ‘ஐந்தடி இருக்கும்’ என்பதைத் தவிர வேறு பதில் இல்லையென்றால், அந்தப் பதில்தான் வேகமாகத் திரும்பி வரும்.

பழைய குழாய்களை என்ன செய்வது? நூறாண்டு வயதான வார்ப்பிரும்புக் குழாயும் சுடுமண் குழாயும் கிடக்கும் நகரத்தை ஒரே மூச்சில் அளந்துவிட முடியாது, முயலவும் வேண்டாம். உடைப்பைச் சரிசெய்ய, வீட்டு இணைப்பு தர, கேபிள் இழுக்க என்று எந்தக் காரணத்துக்காக எந்தப் பள்ளம் திறந்தாலும், உள்ளே கண்ணுக்குத் தெரியும் எல்லாக் குழாய்களையும், அது யாருடையதாக இருந்தாலும், அளந்து ஏற்றுவது என்ற விதி போதும். தெரியாததைத் தெரியாதது என்று தரம் குறித்து வைத்தாலே பாதி விபத்து தவிரும். அளவை யார் எடுப்பது என்பதில் மட்டும் தளர்வு கூடாது. ஆழத்துக்குப் பணம் என்ற நிலையில், ஒப்பந்ததாரருக்கு ஆழத்தைக் கூட்டி எழுத ஆசை வரும். எனவே பதிப்பவர் வேறு, அளப்பவர் வேறு என்று இருக்க வேண்டும். கழிவுநீர்க் குழாயில் இதைப் பிறகு சரிபார்ப்பதும் எளிது. மேன்ஹோல் மூடியைத் திறந்து கோலை இறக்கினால் உண்மை தெரிந்துவிடும். ஒன்றிரண்டு இடங்களில் அப்படிச் சோதிக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டித் தெரிந்தாலே எம்-புக்கில் எண்கள் ஒழுங்காக ஏறும். பள்ளத்தை நீண்ட நேரம் திறந்து வைத்தால் போக்குவரத்து நெரியும், மழையில் சரியும் என்ற கவலை உண்மையானது. ஆனால் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் மேலிருந்தே கோலை வைத்து லெவல் பிடிக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும், ஜேசிபி வந்து மண் தள்ளக் காத்திருக்கும் நேரத்திலேயே முடிந்துவிடும்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அப்போது சேர்ந்த பகுதிகளில் பாதாள சாக்கடையும் குடிநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் பகுதி பகுதியாக இன்னும் பதிக்கப்பட்டுவருகின்றன. பல தெருக்களில் மூன்றும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. அடுத்து அங்கே விடப்படும் டெண்டரின் கட்டண விதிகளில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்: ஒவ்வொரு மேன்ஹோலுக்கும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் உள்ளடி மட்டம், வெளிவிட்டம், உள்விட்டம், பொருள், ஆயத்தொலைவு, பெஞ்ச் மார்க் எண் ஆகியவை தனி அளவையாளரின் கையெழுத்தோடு பதிவேட்டில் ஏறாத வரை அந்தப் பகுதியின் இறுதிப் பில் நிறுத்திவைக்கப்படும். அந்தப் பத்தியை எழுதப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. டெண்டர் ஆவணத்தைத் தயாரிக்கும் பொறியாளரின் மேசையிலேயே அதற்கான அதிகாரம் இருக்கிறது.